சூட்டுப்பெட்டியில் வைக்காத நார்

திருப்பதி
12-7-1959

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தாமோதரன் எழுதிக்கொள்வது. நானும் வள்ளியும் சுகம். நீ, மாமா, குழந்தை தாட்சாயணி, உன் மாமியார் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. போன வாரம் நகரியில் நம் வீட்டுக்குப் போயிருந்தேன். நைனாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நெய்வதற்குத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். இனி யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் பேக்லைட் பட்டறையில் சுவிட்சும் பல்பு ஹோல்டரும் செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். பிசின் தூளில் மரத்தூளைக் கலந்து, சூடான அச்சில் வைத்து பிரஸ்ஸில் அழுத்தினால் கல் மாதிரி ஆகிவிடும். இப்போது அலிபிரி சத்திரத்திலிருந்து ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. மலையேறப் போகிறவர்களுக்குச் சமைக்கிற பெரிய ஈயக் குண்டான்களுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டுமாம். துணி பிடித்து இறக்கி இறக்கி அங்கே சமைக்கிற அம்மாவுக்குக் கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. மரத்தூள் போட்ட பிடி கீழே விழுந்தால் உடைந்துவிடும். நார் கலந்தால் உடையாது என்று முதலாளி கோவர்த்தனனிடம் நான்தான் துணிந்து சொன்னேன். "உன் பேச்சை நம்பி இறங்கறேன் தாமு, காலை வாரிடாதே" என்றார்.

உங்கள் தோட்டத்து வேலியில் ரயில் கற்றாழை அடர்ந்து கிடக்கிறதே, அந்த நார் வேண்டும். முதலில் ஒரு கட்டு போதும். செடியிலிருந்து வரும் நாருக்குச் சூடு ஆகாது. பிசின் தாங்கும், உள்ளே இருக்கும் நார் கருகும் என்கிறார்கள். தாங்குகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன். மாமாவிடம் நல்ல சமயம் பார்த்துச் சொல்.

உன் தம்பி
தாமோதரன்


வரதய்யபாளையம்
26-7-1959

அன்புள்ள தம்பி தாமுவுக்கு அக்கா அம்சவேணியின் ஆசிகள். இங்கே எல்லாரும் சௌக்கியமே. வள்ளி ரத்தசோகைக்கு மருந்து சாப்பிடுகிறாளா? முருங்கைக்கீரையை விடாமல் கொடு.

உன் மாமாவிடம் நல்ல சமயம் பார்க்கச் சொன்னாய். கல்யாணமாகி எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "வேலிக் கத்தாழையா? மாடு கூட துன்னாது அதை. வெட்டிக்கினு போவச் சொல்லு உன் தம்பியை" என்று சிரித்தார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மடலை வெட்டிக் குட்டையில் எட்டு நாள் ஊறப் போட்டு, அடித்து, வழித்து, நாலு தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். கைகளெல்லாம் அரிப்பு. எண்ணெய் தடவிக்கொண்டு உன்னைத் திட்டினேன். ஆனாலும் உன்னிடம் சொல்வதற்கென்ன, சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் எனக்கு நாற்று நடத் தெரியாது, களை பிடுங்கினால் பயிரும் சேர்ந்து வரும். "நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணு" என்று மாமியார் சொல்லாத நாளில்லை. நூலும் நாரும் எனக்குத் தெரியும். நார்க்கட்டை நாராயணசாமி கொண்டுவருவார், காளாஸ்தி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறாரே, அவர்தான்.

எங்கள் ஊரை மெட்ராஸிலிருந்து எடுத்து ஆந்திராவோடு சேர்க்கப்போகிறார்களாம். உங்கள் பக்கம் பேப்பரில் என்ன போடுகிறான்? "எந்த ராஜ்யமானா இன்னா, ஏரி ரொம்பினா சரி" என்கிறார் மாமியார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நீயும் நானும் ஒரே ராஜ்யத்தில் இருப்போம்.

அம்சவேணி


திருப்பதி
20-8-1959

அன்புள்ள அக்கா,

எங்கள் நலத்தில் குறையில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. தாங்கிவிட்டது!

நாரை அரை விரல் நீளத்துக்கு வெட்டி, வெயிலில் மூன்று நாள் காயவைத்து, பிசினோடு கலந்து அழுத்தினேன். நாரில் தண்ணீர் ஒளிந்திருக்கும் அக்கா. தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். சூடு ஏறியதும் அது ஆவியாகி, பிடியின் உள்ளே கொப்புளம் போட்டுவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பொத்தல். அதனால் பன்னிரண்டு பிடி செய்து பன்னிரண்டையும் வதைத்தேன். ஒரு நாள் முழுக்கக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். பிறகு சூட்டுப்பெட்டியில் முந்நூறு டிகிரியில் நாலு மணி நேரம். அதன் பிறகு ஒவ்வொன்றிலும் நாற்பது ராத்தல் எடையைத் தொங்கவிட்டேன். ஒன்று கூட உடையவில்லை. முதலாளி தானே ஒன்றை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்துப் பார்த்தார். தரையில்தான் பள்ளம் விழுந்தது.

அந்தப் பன்னிரண்டோடு செய்த இன்னும் இரண்டைச் சின்னக் குண்டானில் பூட்டி உனக்கு அனுப்புகிறேன். துணியில்லாமல் சோறு வடித்துப் பார்.

இனி பத்துக் கட்டு வேண்டும். ஒரே ஒரு குறை. பஸ் கூரையில் போட்டு வருவதால் நார் சிலும்பிச் சிக்கு விழுந்துவிடுகிறது. பிரித்து வெட்டுவதற்குள் பிராணன் போகிறது. ஏதாவது வழி செய்ய முடியுமா பார்.

அன்புள்ள
தாமோதரன்


வரதய்யபாளையம்
13-9-1959

தம்பி தாமுவுக்கு,

நலமறிய ஆவல். குண்டான் வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. உன் மாமா துணியில்லாமல் பிடித்துத் தூக்கி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நம்ம வேலியா இது?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பத்துக் கட்டும் இதோடு வருகிறது. சிலும்புகிறது என்று எழுதினாயே, இனி சிலும்பாது. நம் வீட்டில் தறியேற்றும் முன் பாவு நூலுக்குச் செய்வதைத்தான் செய்தேன். எப்படி இருக்கிறது பார்த்து எழுது. எட்டு வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டு வேலையைச் செய்தேன் தாமு. கை மறக்கவே இல்லை.

மடல் வழிக்க இப்போது ஆறு பெண்கள் வருகிறார்கள். எது எப்படிச் செய்ய வேண்டும் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். நேற்று மாமியார், "அம்சா, நீ துன்னியா?" என்று கேட்டார். எட்டு வருஷத்தில் அவர் கேட்டு நான் கேட்டதில்லை. நடுவாசலில் நின்று ஒரு நிமிஷம் அழுதேன். இதையெல்லாம் வள்ளியிடம் சொல்லாதே, சிரிப்பாள்.

உன் மாமா மேட்டு நிலத்தில் வேர்க்கடலையை நிறுத்திவிட்டுக் கற்றாழைக் கன்று வைத்திருக்கிறார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

அம்சவேணி


திருப்பதி
24-10-1959

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். தீபாவளிக்கு உன்னைப் பார்க்க வர முடியாது, வேலை கழுத்தை நெரிக்கிறது. அதனால் இன்னொரு குண்டான் அனுப்பியிருக்கிறேன், இது பெரியது, நீ அனுப்பிய பத்துக் கட்டில் செய்த பிடி பூட்டியது. தாட்சாயணிக்குப் பாவாடைத் துணி உள்ளே இருக்கிறது.

நார் பட்டு மாதிரி வந்தது! ஒரு இழை கூடச் சிக்கு இல்லை. நறுக் நறுக்கென்று வெட்டுப்பட்டது. நாலு நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. பட்டறையில் எல்லாரும் "யாருடா அனுப்பறாங்க?" என்று கேட்கிறார்கள். எங்க அக்கா என்று சொல்லும்போது எனக்கு உயரம் கொஞ்சம் கூடிவிடுகிறது.

சத்திரத்தில் கேட்ட நாற்பது பிடியையும் பூட்டிக் கொடுத்தாயிற்று. கிருஷ்ணம்மா என்று ஒரு அம்மாதான் அங்கே சமையல். பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இரு நைனா" என்று என் தலையில் கை வைத்தார்கள். புரட்டாசிக் கூட்டம் தாங்காமல் சத்திரத்துக்காரர் அவசரப்படுத்தினார். இந்தத் தடவை சூட்டுப்பெட்டியில் வைத்துப் பார்க்கலாமா என்று முதலாளி கேட்டார். என் அக்கா கையால் வந்ததற்கு இன்னொரு சோதனையா என்று சொல்லிவிட்டேன்.

தாமோதரன்


வரதய்யபாளையம்
22-11-1959

தம்பிக்கு,

தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமில்லை. நானும் எழுதவில்லை, தாட்சாயணிக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோம். இப்போது தேவலை.

பெரிய குண்டானை இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை. பொங்கலுக்கு ஏற்றலாம் என்று பரண்மேல் வைத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை எட்டுக் கட்டு அனுப்பினேனே, வந்து சேர்ந்ததா? நாராயணசாமி சேர்த்துவிட்டேன் என்கிறார். நீ ஒரு கார்டாவது போடு. வள்ளிக்கு உடம்பு சரியில்லையா?

அம்சவேணி


திருப்பதி
18-12-1959

அக்காவுக்கு,

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். தாட்சாயணிக்குக் குணமானது கேட்டு நிம்மதி. வெயிலில் விடாதே.

எட்டுக் கட்டும் வந்தது. இனி நார் அனுப்ப வேண்டாம். பட்டறையில் வேறு ஏற்பாடு செய்கிறார்கள்.

தீபாவளிக்கு அனுப்பிய பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றாதே. பொங்கலுக்கும் வேண்டாம். பரணிலேயே இருக்கட்டும். ஆகஸ்டில் அனுப்பிய சின்னதை நீ எப்போதும்போல வைத்துக்கொள்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தாமோதரன்


வரதய்யபாளையம்
3-1-1960

தாமு,

சுகம் விசாரிக்கவும் மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகமாக இருக்கிறாயா?

இனி நார் வேண்டாம் என்று இரண்டு வரியில் எழுதினாய். அந்த வரியை உன் மாமாவுக்குப் படித்துக் காட்ட எனக்கு நாலு நாள் ஆனது.  அவர் மேட்டு நிலத்துக் கன்றுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். மாமியார்தான், "நெசவுக்கார வீட்டு வேலை நெசவுக்கார வீட்டோட நிக்கணும்" என்றார். ஆறு பெண்களையும் இனி வர வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன். திண்டாடிப்போனேன் தம்பி. ஏன் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

நேற்று நாராயணசாமி வந்தார். மலைக்குப் போனவர் அலிபிரி சத்திரத்தில் தங்கியிருக்கிறார். அங்கே சமைக்கிற அம்மா சோறு வடிக்கும்போது குண்டான் பிடி கையோடு பெயர்ந்து வந்து, கொதிக்கிற கஞ்சி அத்தனையும் இரண்டு காலிலும் கொட்டிவிட்டதாம். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் நடந்ததாம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார்களாம். "உங்க தம்பி செஞ்ச பிடிதாம்மா, எங்கிட்ட காட்டினாங்க" என்றார்.

உண்மையா? என் தம்பி எனக்குத் தெரியாமல் அழுகிறவன். அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா


திருப்பதி
20-1-1960

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்டது உண்மை. கிருஷ்ணம்மாவின் கால்கள் வெந்துபோயின. இப்போது சத்திரத்துக்குத் திரும்பிவிட்டார்கள், நிற்க முடியவில்லை.

தவறு என்னுடையது. அந்த மாதம் அச்சுக்குச் சூடு சரியாக ஏற்றாமல் விட்டுவிட்டேன். அவசரத்தில் பார்க்கவில்லை. பிசின் முழுக்க இறுகாமல், அடுப்புச் சூட்டில் நெகிழ்ந்துவிட்டது. முதலாளியிடமும் இப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பது பிடியையும் கழற்றி உடைத்தாயிற்று. நான் பார்த்த மேஸ்திரி வேலை இப்போது பட்டறையில் எத்திராஜுக்கு. நான் பழையபடி சுவிட்சு மூடி அழுத்துகிறேன். முதலாளி நல்லவர், வெளியே அனுப்பவில்லை.

உன்னிடம் மறைத்தது, நீ வருத்தப்படுவாய் என்றுதான். உன் நாரில் ஒரு குறையும் இல்லை. மாமாவிடமும் அப்படியே சொல். இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடு.

தாமோதரன்


வரதய்யபாளையம்
14-2-1960

அன்புள்ள தாமுவுக்கு,

எல்லாரும் நலம். தாட்சாயணியின் பள்ளிக்கூடத்தில் வருகிற வருஷம் தெலுங்கு வாத்தியார் வருவார் என்கிறார்கள். அவள் இப்போதே சுவரெல்லாம் கரியால் எழுதிப் பழகுகிறாள்.

நீ இதோடு விடச் சொன்னாய். நானும் ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சின்னக் குண்டான் ஆகும், பெரிய குண்டான் ஆகாது என்று எழுதியிருந்தாய். இரண்டையும் செய்தது உன் கை. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது? அச்சின் சூடு மாறியது என்கிறாய். உலை கொதிக்கும் முன்னே இரண்டு தடவை விரலை விட்டுப் பார்க்கிற பிள்ளை நீ. சூடு பார்க்க மறந்தேன் என்று நீ சொன்னால் முதலாளி நம்பலாம். நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

போன வியாழக்கிழமை நெல் அவித்தோம். இரண்டு குண்டானிலிருந்தும் ஒவ்வொரு பிடியைக் கழற்றி அவியும் நெல்லுக்குள் புதைத்தேன். காலையிலிருந்து சாயந்தரம் வரை. அதற்கப்புறம் அடுப்பில் ஓட்டுச் சில்லை வைத்து, அதன் மேல் இரண்டையும் வைத்தேன். முந்நூறு டிகிரி எனக்குத் தெரியாது. மேலே தெளித்த தண்ணீர் உருண்டு ஓடுகிற சூட்டில் வைத்து, நாலு மணி நேரம் காத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னாடி, பேக்லைட்ட வறுக்கிறியா?" என்று கேட்டார்.

சின்னக் குண்டான் பிடி அப்படியே இருந்தது. பெரிய குண்டான் பிடி உப்பியது. ஆற வைத்து எடுத்து இரண்டு கையாலும் வளைத்தேன். பொரி உருண்டை மாதிரி பொடிந்துவிட்டது. உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது. அப்போது ஒரு வாசனை வந்தது தாமு.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவில் கட்டியிருந்த பாவில் பீடி நெருப்பு விழுந்து எரிந்ததே, நினைவிருக்கிறதா? கஞ்சி போட்ட நூல் கருகிய அந்த வாசனைதான்.

சிலும்பக்கூடாதென்று பத்துக் கட்டுக்கும் நான் சோற்றுக்கஞ்சி போட்டேன். நீர்க்கக் கரைத்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, இழை இழையாக வாரிக் காயவைத்தேன். பாவுக்குப் போடுவதுபோலவே, பார்த்துப் பார்த்துப் போட்டேன். நாரில் ஒளிந்திருக்கும் தண்ணீர் என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தவள், அதன்மேல் கஞ்சியைப் பூசி அனுப்பினேன். பிசின் நாரைப் பிடித்திருக்காது, என் கஞ்சியைத்தான் பிடித்திருக்கும்.

அந்த அம்மா காலில் கொட்டியது என் கை. உனக்கு இது டிசம்பரிலேயே தெரியும். இல்லை என்று மட்டும் எழுதாதே.

அம்சவேணி


திருப்பதி
28-2-1960

அன்புள்ள அக்கா,

இல்லை என்று எழுத நாலு தாள் கிழித்தேன். முடியவில்லை.

அந்த வாசனை எனக்கும் வந்தது. கிருஷ்ணம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு, மிச்சமிருந்த பிடிகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்து உடைத்துப் பார்த்தேன். எத்திராஜுக்கு அது வெறும் கருகல். எனக்கு நம் வீட்டுத் தெரு கண் முன்னால் வந்துவிட்டது. பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் நீ ஒன்று தெரிந்துகொள். பாவுக்குச் செய்வதைத்தான் செய்தேன் என்று நீ எழுதியிருந்தாய், மறைக்கவில்லை. நானும் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன்தான். பாவுக்கு என்ன போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? படித்தேன், அக்கா சந்தோஷமாக இருக்கிறாள் என்று மகிழ்ந்தேன், யோசிக்கவில்லை. நார் பட்டுப்போல வந்ததே, ஏன் என்று கேட்கவில்லை. மரத்தூள் மூட்டையைக் கூட ஒவ்வொரு தடவையும் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பார்க்கிறவன், உன் நாரை மட்டும் வைக்கவில்லை. வைத்திருந்தால் அன்றைக்கே உப்பியிருக்கும். நீ போட்டது கஞ்சி. சோதிக்காமல் விட்டது நான்.

முதலாளியிடம் நார் என்று சொல்லியிருந்தால் யார் அனுப்பியது என்று கேட்பார்கள். அது ஊர் முழுக்கத் தெரியும், வரதய்யபாளையம் வரை வரும். நீ துன்னியா என்று உன்னை ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார்கள். அதையும் நான் பிடுங்கவா?

மாமாவிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தாமு


வரதய்யபாளையம்
17-4-1960

என் அருமைத் தம்பிக்கு அக்கா ஆசிகளோடு எழுதுவது. ஒன்றாம் தேதியிலிருந்து நாங்களும் ஆந்திரா. ஆபீஸ் வாசலில் போர்டு மாற்றினார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஏரியில் தண்ணீர் அதே அளவுதான் இருக்கிறது.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். நீ கெஞ்சியதைப் படித்த மறுநாளே சொன்னேன்.  மூன்றாம் நாள், "அந்தம்மாவப் போய் பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மொதல்ல அதைச் செய்" என்றார். இந்த மனிதரைப் போய் எட்டு வருஷமாகச் சமயம் பார்த்துப் பேசினேனே என்று இருந்தது.

நீ பிசின் வாங்க மெட்ராஸ் போயிருந்த நாளில் நான் திருப்பதி வந்ததை வள்ளி சொல்லியிருப்பாள். அலிபிரிக்குப் போனது அவளுக்கும் தெரியாது.

கிருஷ்ணம்மா சமையல் கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கால் இரண்டும் முழங்கால் வரை வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை, பார்த்தேன். நான் இன்னார், நார் அனுப்பியவள், கஞ்சி போட்டவள், இது என் தப்பு என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். 

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "உன் தம்பி வந்து தன் தப்புன்றான். நீ வந்து உன் தப்புன்றே. தப்பை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? உன் தம்பி தெனமும் காலைல வந்து எனக்குப் பதிலா வடிக்கிறான், மூணு மாசமா. வேணாம்னாலும் கேக்கமாட்டேன்றான். சோறு கொழஞ்சி போவுது. சாமி தரிசனத்துக்கு வர்றவங்க என்னைத் திட்றாங்க. உனக்காவது வடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

தினமும் காலையில் நீ அங்கே போவதை ஒரு கடிதத்திலும் எழுதவில்லையே தாமு.

தெரியும் என்றேன். துணி கொடுத்தார்கள். நாலு குண்டான் வடித்தேன். அப்புறம் எனக்கு இலை போட்டு, "உக்காரு, துன்னு" என்றார்கள். மன்னித்தேன் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "திரும்பவும் அந்தப் பிடி செய்வீங்களா?" என்று கேட்டார்கள். செய்யலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "துணி புடிச்சி கையும் போவுதே" என்றார்கள். "ஒரு மாசம் நீங்க வச்சிப் புழங்குங்க. அப்பறமா எனக்குக் குடுங்க."

நீ முதலாளியிடம் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுது. என் பெயரைப் போடு. ஊர் பேசட்டும், மாமியார் பேசியாயிற்று, இனி யார் பேசினால் என்ன.

இதோடு ஒரு கட்டு நார் வருகிறது. ஏழு தண்ணீரில் அலசியது. கஞ்சி இல்லை, எண்ணெய் இல்லை, என் கையில் கூட எண்ணெய் இல்லாமல்தான் தொட்டேன். சிலும்பாமல் இருக்க உன் மாமா மூங்கில் பிளந்து, நாலு பக்கமும் வைத்துக் கட்டி, தானே பஸ் மேல் ஏறி வைத்தார். நாராயணசாமி பத்திரமாகச் சேர்ப்பார்.

வந்ததும் ஒரு பிடி செய். கொதிக்கிற தண்ணீரில் போடு. சூட்டுப்பெட்டியில் வை. எடையைத் தொங்கவிடு. ஒடித்து, முகர்ந்து பார். அக்கா அனுப்பியதுதானே என்று மட்டும் விட்டுவிடாதே.

அம்சவேணி